ஒரு தட்டுப் பாசிக்குச் சிறுவாணித் தண்ணி

எங்கள் வீட்டில் இரண்டு குழாய். ஒன்றில் சிறுவாணி வரும், இன்னொன்றில் போர் தண்ணி. கோயமுத்தூர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: சிறுவாணி குடிக்க, சோறாக்க, விருந்தாளிக்குச் சொம்பில் கொடுத்துப் பெருமையடிக்க. போர் தண்ணி துணி துவைக்க, வாசல் தெளிக்க, செடிக்கு ஊற்ற. செடிக்குப் போய் யாராவது சிறுவாணியை ஊற்றுவார்களா? என் மாமியார் கண்ணில் பட்டால் அன்றைக்கு ரசத்தில் காரம் கூடும்.

அப்படிப்பட்ட வீட்டு மாடியில் இப்போது ஒரு பிளாஸ்டிக் தட்டுக்குச் சிறுவாணி ஊற்றப்படுகிறது. ஊற்றுவது என் மாமியாரேதான். தட்டில் இருப்பது பூக்காத, காய்க்காத, வேர்கூட இல்லாத ஒரு பாசி. இந்த அதிசயம் நடந்த கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காபியோடு உட்காருங்கள்.

எல்லாம் ஓர் ஆர்க்கிட்டில் ஆரம்பித்தது. கல்யாண நாளுக்கு வீட்டுக்காரர் ஃபெலனாப்சிஸ் ஒன்று வாங்கி வந்தார். வெள்ளைப் பூ, மூன்று மாதம் அசையாமல் நின்றது. பூ கொட்டியதும் தொட்டி மாற்றலாம் என்று உருவினால் உள்ளே மண்ணே இல்லை. ஈர வைக்கோல் மாதிரி எதையோ அடைத்திருந்தார்கள். நர்சரி அண்ணனிடம் கொண்டு போய்க் காட்டினேன்.

"ஸ்பேக்னம் மாஸுங்க அக்கா. நியூஸிலாந்துச் சரக்கு" என்று சொல்லி, செங்கல் போல அழுத்திய ஒரு கட்டியை எடுத்து வைத்தார். 150 கிராம். விலையைக் கேட்டால் ஒரு கிலோ ஆட்டுக்கறி விலை. ஆனால் தூக்கிப் பார்த்தால் அப்பளக்கட்டு கனம்கூட இல்லை.

ஊறினால் 12 லிட்டர் ஆகும் என்று உறையில் போட்டிருந்தது. விளம்பரத்தில் என்னதான் எழுத மாட்டார்கள் என்று சின்னப் பக்கெட்டில் போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் பொங்கின பால் மாதிரி விளிம்பைத் தாண்டி நிற்கிறது. சந்தேகப்பட்டதற்கு ஒரு பரிகாரமாக, அடுத்த தடவை சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். பத்து கிராம் உலர் பாசி, ஊறி, வடிந்த பிறகு 170 கிராம் காட்டியது. தன் எடையைப் போல இருபது மடங்கு வரை தண்ணீரைப் பிடிக்கும் என்று புத்தகங்களில் சொல்வது சும்மா இல்லை.

அந்த ஆர்க்கிட்டை நான் கொன்ற கதையையும் சொல்லிவிடுகிறேன். நல்ல சரக்காச்சே என்று ஊறுகாய் ஜாடியில் மாங்காயை அமுக்குகிற மாதிரி தொட்டியில் பாசியை அமுக்கி வைத்தேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. இரண்டு வாரத்தில் வேர்கள் பழுப்பாகி, தொட்டால் தோல் வழுக்கிக்கொண்டு வந்தது. பாசியில் தண்ணீர் நிற்பது நல்லதுதான், ஆனால் அதற்குள் காற்றும் நிற்க வேண்டும். விரலால் அழுத்தினால் பஞ்சு மெத்தை மாதிரி எழும்பி வர வேண்டும், அந்த அளவுக்குத்தான் அடைக்க வேண்டும். நம் ஊரில் டென்ட்ரோபியம் வைத்துக்கொள்பவர்களுக்கு இந்தத் தொல்லையே வேண்டாம். கரித்துண்டும் உடைந்த ஓட்டுச் சில்லும் போதும். இந்தப் பாசியை அதற்குப் போடுவது, என்னைக் கேட்டால், தயிர்சாதத்துக்குக் குங்குமப்பூ போடுகிற மாதிரி.

செடி செத்துப்போனாலும் பாசி மிச்சம் இருந்தது. மகள் பள்ளியில் கொடுத்த ஃபோல்ட்ஸ்கோப், அந்தக் காகித மைக்ரோஸ்கோப், வீட்டில் கிடந்தது. ஓர் இலையைக் கிள்ளி வைத்துப் பார்த்தோம். இலை என்றால் எறும்பின் தலை அளவு. அதில் நீள நீளமாகக் கண்ணாடிப் பைகள். ஒவ்வொரு பையிலும் சுருள் சுருளாகத் தையல் போட்ட மாதிரி வளையங்கள், அங்கங்கே வட்டத் துளைகள். பைகளுக்கு நடுவே, கோலத்தில் இழை ஓடுகிற மாதிரி, ஒல்லியான கோடுகள். உயிரோடு இருக்கும்போது அந்தக் கோடுகள்தான் பச்சை. அவைதான் சமைக்கிற செல்கள். பெரிய பைகள் எல்லாம் செத்த செல்கள், உள்ளே ஒன்றும் கிடையாது, தண்ணீர் நிரப்புவதற்கென்றே காலியானவை. சுருள் வளையங்கள் இல்லாவிட்டால் காய்ந்ததும் பை ஒட்டிப்போகும். அதனால்தான் எத்தனை தடவை காய்ந்தாலும் மறுபடி ஊறுகிறது.

"உயிரோட இருக்கும்போதே பாதிக்கு மேல செத்துப்போயிருக்குமா?" என்று மகள் கேட்டாள். ஆமாம், அப்படித்தான். இதற்கு வேர் கிடையாது. நுனியில் சின்னக் கொத்தாக ஒரு தலை இருக்கும், அது மேலே மேலே வளரும், அடிப்பக்கம் செத்துக்கொண்டே வரும். குளிர்ந்த சதுப்பு நிலங்களில் இப்படி ஆயிரக்கணக்கான வருஷம் செத்த அடிப்பாகம் அழுந்தி அழுந்திச் சேர்வதுதான் பீட். கடையில் கறுப்புத் தூளாகப் பையில் விற்கும் பீட்மாஸ் அது. நீள நாராக விற்கும் ஸ்பேக்னம் மேல்பாகம். இரண்டும் ஒன்று என்று நினைத்து வாங்கிக் குழம்பிக்கொள்ளாதீர்கள். நான் குழம்பினேன்.

ஒருநாள் மிச்சப் பாசியில் ஒரு பச்சை நுனி தெரிந்தது. காய்ந்து, அழுத்தி, கப்பலேறி, கடையில் கிடந்து வந்த சரக்கில் கடுகளவு பச்சை! விட முடியுமா? ஓர் ஆழமில்லாத தட்டில் பரப்பி, தினமும் தண்ணீர் தெளித்தேன். எந்தத் தண்ணீர்? செடிக்கு ஊற்றுகிற தண்ணீர்தான். போர்.

பத்து நாளில் பச்சை பழுப்பானது. இருபது நாளில் தட்டு முழுக்க ஒரு கறுப்புக் கொழகொழப்பு, விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. வெயில் என்று நினைத்து இடம் மாற்றினேன். நிழல் ஜாஸ்தி என்று மறுபடி மாற்றினேன். கடைசியில் தண்ணி ஃபில்டர் மாட்ட வந்த தம்பியிடம் இருந்த, தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் பேனா மாதிரி மீட்டரை வாங்கி முக்கிப் பார்த்தேன். போர் தண்ணி 1,400 காட்டியது. சிறுவாணி இரட்டை இலக்கத்தைத் தாண்டவில்லை.

விஷயம் இதுதான். ஸ்பேக்னத்தின் செல் சுவர் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணச்சத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். பதிலுக்குப் புளிப்பைத் தண்ணீரில் விடும். தன்னைச் சுற்றி இருக்கும் தண்ணீரைக் கிட்டத்தட்டப் புளிக்கரைசல் பதத்துக்குக் கொண்டுவந்து, மற்ற செடிகளை அண்ட விடாமல் செய்யும் தந்திரம் அது. மழைத்தண்ணீரில் பிழைக்கிற பாசிக்கு அது சரிப்படும். நம் போர் தண்ணீரில் சுண்ணாம்பு கொட்டிக் கிடக்கிறது. பாசி விடுகிற புளிப்பெல்லாம் அந்தச் சுண்ணாம்புக்குப் பற்றாது. கடலில் பெருங்காயத்தைக் கரைத்த கதை.

ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியே போகிற தண்ணீரைப் பிடித்து ஊற்றலாமே என்று இரண்டு பேர் யோசனை சொன்னார்கள். அது வடிகட்டிய உப்பெல்லாம் சேர்ந்த தண்ணீர். போரைவிட மோசம். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் நல்லது, மீட்டரில் 20 சொச்சம்தான் காட்டியது. மழைத்தண்ணீர் எல்லாவற்றிலும் உத்தமம். இரண்டும் இல்லாத நாளுக்குச் சிறுவாணி. குளோரின் வாசனை போக ஒரு ராத்திரி திறந்த குண்டாவில் வைத்துவிட்டு ஊற்ற வேண்டும்.

அந்தக் குண்டாவைத்தான் அத்தை, அதாவது என் மாமியார், பார்த்துவிட்டார்.

"என்ன கண்ணு இது, நல்ல தண்ணிய எடுத்து வச்சிருக்க?"

"பாசிக்குங்க அத்தை."

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. குண்டாவை எடுத்துப் போய்ச் சோறாக்கிவிட்டார்.

அதற்குப் பிறகு சில வாரம் நான் திருட்டுத்தனமாகத்தான் பாசி வளர்த்தேன். ஆறு மணிக்கு அவர் கோயிலுக்குக் கிளம்பியதும் சொம்பை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடுவேன். இரண்டாவது முறை செய்தது இப்படி: அடியில் செத்த பாசியை இரண்டு விரற்கடை பரப்பி, அதன் மேல் புதுப் பாக்கெட்டிலிருந்து பச்சை தெரிந்த நார்களை மட்டும் பொறுக்கி, கத்திரியால் ஓர் அங்குலத் துண்டுகளாக வெட்டித் தூவினேன். முழுசாக வைக்க வேண்டியதில்லை, ஒவ்வொரு துண்டிலிருந்தும் முளை வரும். தட்டில் தண்ணீர் கால்வாசிதான் நிற்க வேண்டும், தலை முங்கக் கூடாது. மேலே ஒரு கண்ணாடி மூடி, கொஞ்சம் சந்து விட்டு. காலை வெயில் மட்டும் சாய்வாக விழுகிற இடம். உரம் ஒரு பொட்டுகூடப் போடக் கூடாது. போட்டால் பாசிக்கு முன்னால் வழுக்குப்பாசி வந்துவிடும், அந்தப் பச்சைச் சளி வந்துவிட்டால் போராட்டம்தான். எனக்கும் ஒரு மூலையில் வந்தது. அந்த மூலையை அப்படியே வழித்து எறிந்தேன்.

ஐந்தாவது வாரம் பச்சைப் புள்ளிகள். நான்காவது மாதம் தட்டில் பாதி மூடியது. ஒவ்வொரு தலையும் ஒரு சின்ன நட்சத்திரம் மாதிரி, இளம்பச்சை, தொட்டால் ஜில்லென்று இருக்கும். பக்கத்தில் வைத்த கறிவேப்பிலைத் தொட்டிகூட எனக்கு அப்போது கண்ணில் படவில்லை.

இந்தச் சமயத்தில்தான் அன்னூரிலிருந்து அத்தையின் தம்பி போன் செய்தார். ரோடு அகலப்படுத்துகிறார்கள், காம்பவுண்டு உள்ளே தள்ளிப் போகிறது, கொய்யா மரம் நிற்காது. அத்தை பிறந்த வீட்டு வாசல் மரம், உள்ளே சிவந்த கொய்யா. அவருடைய அம்மா வைத்தது. அத்தை அன்றைக்கு டிவிகூடப் போடவில்லை.

அவர் இதற்கு முன்பே இரண்டு தடவை அந்த மரத்தில் பதியம் போட்டுப் பார்த்திருக்கிறார். அவர் அப்பா காலத்து முறை: பட்டையைச் சீவி, செம்மண்ணும் சாணியும் பிசைந்து உருண்டை பிடித்து, சாக்கில் கட்டி, மேல் கிளையில் பொத்தல் பானையைத் தொங்கவிட்டுச் சொட்டுச் சொட்டாக நனைப்பது. பானைக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இருந்தவரைக்கும் அது நன்றாகத்தான் வேலை செய்திருக்கிறது. இப்போது யார் ஊற்றுவது? இரண்டு உருண்டையும் காய்ந்து ஓடாகிவிட்டன.

"அத்தை, பாசி வச்சுக் கட்டலாமுங்களா?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை இல்லை, வேறு வழியும் இல்லை.

ஆடி மாதம், காற்றும் தூறலுமாக இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். பென்சில் தடிமனுக்குச் சற்றுக் கூடுதலான கிளைகளாக ஆறு தேர்ந்தெடுத்தோம். கணுவுக்குச் சற்றுக் கீழே கத்தியால் சுற்றி ஒரு கீறல், ஓர் அங்குலம் விட்டு இன்னொரு கீறல், இரண்டுக்கும் நடுவில் நீளவாக்கில் ஒன்று. கொய்யாப் பட்டை மோதிரம் கழற்றுகிற மாதிரி வந்துவிடும். உள்ளே வழுவழுவென்று ஒரு சவ்வு இருக்கும். அதைச் சுரண்டாமல் விட்டால் பட்டை மறுபடி சேர்ந்துகொள்ளும், வேர் வராது. சுரண்டிவிட்டு, மேல் வெட்டில் வேர்ப் பவுடர் தொட்டு வைத்தேன். ஊறின பாசியைக் கையில் எடுத்து, துணி பிழிகிற மாதிரி நன்றாகப் பிழிய வேண்டும், மறுபடி அழுத்தினால் இரண்டு சொட்டுதான் வர வேண்டும். எலுமிச்சை அளவு போதாது, ஆரஞ்சு அளவு. இதற்கு உயிருள்ள பாசியெல்லாம் தேவையில்லை, காய்ந்த சரக்கே போதும். கிளையைச் சுற்றி வைத்து, பாலிதீனால் இறுக்கச் சுற்றி, இரண்டு முனையிலும் சணல் கட்டு. உள்ளே போன ஈரம் வெளியே வராது, பானையும் வேண்டாம், ஆளும் வேண்டாம்.

ஐந்தாவது கிளையில் என் கட்டைவிரலையும் சேர்த்துச் சீவிக்கொண்டேன். ரத்தம் சொட்டியதும் அத்தை பதறி, பக்கத்தில் இருந்த பாசியை எடுத்து என் விரலில் அமுக்கப் போனார். கையை இழுத்துக்கொண்டேன்.

அவர் நினைத்தது பைத்தியக்கார யோசனை இல்லை. முதல் உலகப்போரில் பஞ்சுக்குத் தட்டுப்பாடு. வெடிமருந்து செய்யப் பஞ்சு தேவைப்பட்டது, காயத்துக்குக் கட்டு போடவும் தேவைப்பட்டது. எடின்பரோவில் தாவரவியல் பூங்காவைப் பார்த்துக்கொண்டிருந்த ஐசக் பெய்லி பால்ஃபரும், சார்ல்ஸ் கேத்கார்ட் என்ற சர்ஜனும் 1914-இல் இந்தப் பாசியைச் சிபாரிசு செய்தார்கள். ஸ்காட்லாந்துச் சதுப்புகளில் ஊர்ச்சனம், பெண்கள், பிள்ளைகள் எல்லாம் இறங்கிப் பறித்தார்கள். குச்சி, புல் பொறுக்கி, காயவைத்து, மெல்லிய துணிப்பையில் போட்டு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பினார்கள். 1918-இல் பிரிட்டனிலிருந்து மாதத்துக்குப் பத்து லட்சம் கட்டுகள் போயின. பஞ்சைவிட அதிகம் ரத்தம் குடிக்கும், புளிப்பால் கிருமியும் எளிதில் வளராது.

ஆனால் அது சுத்தம் செய்த பாசி. நம் பக்கெட்டில் இருப்பது அப்படி இல்லை. 1988-இல் அமெரிக்காவில் மரக்கன்றுகளின் வேரைச் சுற்றிக் கட்டிய ஸ்பேக்னம் பாசியைக் கையாண்டவர்களில், 15 மாநிலங்களில் 84 பேருக்கு ஸ்போரோட்ரிகோசிஸ் என்ற பூஞ்சைத் தொற்று வந்தது. பெரும்பாலும் சின்னக் கீறல் வழியாகத்தான் அது நுழையும், கைமேல் வரிசையாகக் கட்டி கிளம்பும். அதனால் காய்ந்த பாசியை உதிர்க்கும்போது மூக்கில் துணி, கையில் கிளவுஸ். சோம்பேறித்தனப்படாதீர்கள். நான் அன்றைக்குச் சோம்பேறித்தனப்பட்டு, பிறகு ஒரு வாரம் கட்டைவிரலை வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் ஆகவில்லை.

வேர் வரக் காத்திருந்த நாட்களில் ராத்திரி ராத்திரியாக இந்தப் பாசியைப் பற்றிப் படித்து, காலையில் அத்தைக்குக் கதை சொல்வது வழக்கமாகிவிட்டது. அவருக்கு ரொம்பப் பிடித்தது டோலுண்ட் மனிதன் கதை. 1950-இல் டென்மார்க்கில் பீட் வெட்டப் போனவர்கள் ஒரு சடலத்தைப் பார்த்து, சமீபத்தில் நடந்த கொலை என்று போலீஸைக் கூப்பிட்டார்கள். முகத்தில் முளைவிட்ட தாடிகூடத் தெரிந்தது. சோதித்துப் பார்த்தால் இரண்டாயிரத்து முந்நூறு வருஷத்துக்கு மேல் பழையது. புளித்த, காற்றில்லாத, குளிர்ந்த சதுப்பு அப்படியே வைத்திருந்தது. "அப்ப ஆளையே ஊறுகாய் போட்டிருக்குன்னு சொல்லு" என்றார் அத்தை.

படிக்கப் படிக்க எனக்கு ஒரு உறுத்தலும் வந்தது. பீட் நிலம் உலகத் தரைப்பரப்பில் மூன்று சதவீதம்தான். ஆனால் உலகத்துக் காடுகள் எல்லாம் சேர்ந்து பிடித்து வைத்திருப்பதைவிட அதிகமான கார்பன் அதில் இருக்கிறது. அது வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் உயரும். தோண்டி எடுத்தால் நம் ஆயுளில் திரும்பி வராது. மேல்பாசியைப் பறிப்பது அவ்வளவு மோசமில்லை, அடித்தண்டை விட்டுவைத்தால் சில வருஷத்தில் மறுபடி வளரும். ஆனால் விட்டுவைக்க வேண்டுமே. சிலியில் இந்தப் பாசிக்குப் பொம்பொன் என்று பெயர். சிலோயே தீவில் ஏற்றுமதிக்காக அடிவரை வாரிச் சதுப்புகள் வறண்டன. பறிப்பதற்கு முறை வகுத்து விதி கொண்டுவந்தார்கள், 2024-இல் பீட் தோண்டுவதையே தடுத்துச் சட்டம் போட்டார்கள். ஜெர்மனியில் ஈரமாக்கிய பழைய சதுப்பில் நெல் மாதிரி பாசியைப் பயிர் செய்தே பார்க்கிறார்கள்.

நமக்கோ தென்னைக்குப் பேர்போன பொள்ளாச்சி கூப்பிடு தூரம். மணிபிளான்ட் ஏற்றுகிற கம்புக்கு, விதை முளைக்க வைக்கிற தட்டுக்கு, மாடித்தோட்டத் தொட்டிக் கலவைக்கு எல்லாம் தென்னை நார்த்தூளை உப்புப் போக நாலு தண்ணி அலசிப் போட்டாலே போதும். கடல் தாண்டி வந்த பாசியைக் கம்பில் சுற்றி வீடியோ போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போது எரிச்சல்தான் வருகிறது. ஒரு வருஷம் முன்னால் நானே இரண்டு கம்பு சுற்றினேன் என்பது வேறு விஷயம். பதியத்துக்கும், நோய்ப்பட்ட ஆர்க்கிட்டைத் தேற்றுவதற்கும் மட்டும் பாசி. அதற்கு ஒரு கட்டி வாங்கினால் இரண்டு வருஷம் வரும்.

ஊட்டிப் பக்கம் ஈரப் பாறையில் இதுவே இருக்குமே, ஒரு பை அள்ளிக்கொண்டு வந்தால் என்ன என்று தோழி கேட்டாள். காட்டிலிருந்து எடுப்பது குற்றம், அது ஒரு பக்கம். நீலகிரியின் மேட்டுச் சதுப்புகளில் பீட்டும் உண்டு. ராமன் சுகுமார் முதலியோர் 1993-இல் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரை, அந்தப் பீட்டை ஆராய்ந்து, இருபதாயிரம் வருஷத்தில் இங்கே மழை எப்போது கூடியது, எப்போது குறைந்தது என்று சொல்கிறது. கோடையில் மலை ஓடைகளில் தண்ணீர் கசிந்துகொண்டிருப்பது இப்படிப்பட்ட சதுப்புகளாலும்தான். நான் அங்கே போனால் குனிந்து பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்.

புரட்டாசி இரண்டாவது சனிக்கிழமை அன்னூர் போனோம். ஆறில் இரண்டில் எறும்பு பாலிதீனைக் கடித்து ஓட்டை போட்டு, பாசி காய்ந்திருந்தது. மற்ற நாலிலும் பாலிதீனுக்குள் வெள்ளை நூல் நூலாக வேர், சிலது பழுப்பேறிக் கண்ணாடியில் முட்டிய மீசை மாதிரி வளைந்திருந்தது. அத்தை மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வந்து மறுபடி பார்த்தார். கட்டுக்குக் கீழே வெட்டி, இலைகளைப் பாதிக்குப் பாதி கிள்ளி, பாலிதீனை மட்டும் பிரித்துத் தொட்டியில் வைத்தோம். பாசியை வேரிலிருந்து பிய்க்கக் கூடாது. பிய்த்தால் வேரும் கூடவே வரும். நிழலில் ஒரு மாதம் வைத்தோம். ஒன்று வாடிப்போனது, மூன்று துளிர்த்தன. ஒன்று தம்பி வீட்டின் புதுக் காம்பவுண்டுக்குள், ஒன்று திருப்பூரில் நாத்தனார் வீட்டில், ஒன்று எங்கள் மாடியில்.

அன்னூரிலிருந்து வந்த மறுநாள் காலையில் சொம்பை எடுக்கப் போனால் சொம்பு இல்லை. மாடியில் அத்தை குனிந்து நின்று தட்டுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்.

சித்திரை வந்ததும் பாசி பாதி வெளுத்துவிட்டது. இது குளிர்நாட்டுப் பிராணி, நம் வெயில் அதற்கு ஆகாது. உக்கடம் மீன் மார்க்கெட்டில் ஒரு தெர்மோகோல் பெட்டி கேட்டு வாங்கி வந்து, தட்டை அதில் இறக்கி, தண்ணீர் உறையவைத்த பாட்டிலை மதியம் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று பக்கத்தில் வைக்கிறோம். எங்கள் ஏசி இந்த இரண்டு மாதம்தான் ஓடும், அது சொட்டுகிற தண்ணீர் அத்தனையும் பாசிக்குத்தான். பெட்டியிலிருந்து இன்னும் லேசாக மீன் வாசனை வருகிறது. பக்கத்து வீட்டுப் பூனை தினமும் வந்து மூடியை முகர்ந்து பார்த்துவிட்டு ஏமாந்து போகிறது.